இலங்காபுரியின் படையெடுப்பு: பாண்டியர் பங்காளிப் போரில் ஒரு தளபதி எடுத்த முடிவுகள்

பாண்டிய அரியணைக்காக 12-ஆம் நூற்றாண்டில் மூண்ட பங்காளிப் போரின் பெரும்பகுதி, இன்று செட்டிநாடு என்று நாம் சொல்லும் நிலத்திலும் அதையொட்டிய கடற்கரையிலும்தான் நடந்தது. திருப்பத்தூர், பொன்னமராவதி, செம்பொன்மாரி, திருவேகம்பத்தூர், நெட்டூர், கீழாநிலை, மணமேற்குடி, தொண்டி, பாசிப்பட்டினம் என்று அந்தப் போரின் ஊர்ப்பெயர்களை வரிசையாகப் படித்தால், தேவகோட்டையிலிருந்து கிளம்பும் பேருந்துகளின் வழித்தடப் பலகையைப் படிப்பது போலவே இருக்கும். இந்த ஊர்களின் வழியாகப் படை நடத்தி வந்தவன், இலங்கை வேந்தன் முதலாம் பராக்கிரமபாகுவின் தளபதி. சோழர் கல்வெட்டுகள் அவனை இலங்காபுரித் தண்டநாயகன் என்கின்றன. கடல் கடந்து வந்து, அறியாத நாட்டின் உள்ளே நுழைந்து, மதுரையில் தனக்கு வேண்டிய இளவரசனை அமர்த்திய பிறகு, சோழப் படையோடு மோதி அழிந்தவன் அவன். அவன் எடுத்த முடிவுகளில் எது துணிவு, எது மடமை என்ற கேள்வி இப்பகுதி வரலாற்றில் அக்கறை உள்ளவர்களிடையே ஓயாமல் வருவது. கம்பன் கழகம் 1939-இல் தொடங்கிய ஊரான காரைக்குடியில், இருபுறமும் நின்று வழக்காடிப் பார்க்கும் பழக்கத்துக்குக் குறைவில்லை. ஆனால் இந்த வழக்கில் சாட்சிகளைச் சரியாக விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்வதே வழக்கமாகிவிட்டது என்பதால், நிகழ்ந்ததை முதலிலிருந்து பார்ப்பது நல்லது.

மதுரையில் ஆண்டுகொண்டிருந்த பராக்கிரம பாண்டியனை அவனுடைய பங்காளியான குலசேகர பாண்டியன் முற்றுகையிட்டான். முற்றுகைக்குள் அகப்பட்ட பராக்கிரம பாண்டியன் பராக்கிரமபாகுவின் தலைநகரான பொலன்னறுவைக்கு ஆளனுப்பி உதவி கேட்டான். பராக்கிரமபாகு இந்தச் சண்டைக்கு முற்றிலும் அந்நியன் அல்லன். அவனுடைய தந்தைவழிப் பாட்டனே ஒரு பாண்டிய இளவரசன். முதலாம் விஜயபாகுவின் தங்கை மித்தா மணந்துகொண்ட அந்தப் பாண்டியனின் மகன் மானாபரணன், மானாபரணனின் மகன் பராக்கிரமபாகு. இதைச் சிங்களர், தமிழர் என்ற இன்றைய பிளவை அப்படியே பின்னோக்கி நீட்டிப் படிப்பவர்கள் முதல் அடியிலேயே தடுமாறிவிடுகிறார்கள். இரு பக்கமும் தமிழ்ச் சிற்றரசர்கள் நின்ற, குருதி உறவு கொண்ட அரச குடும்பங்களின் வாரிசுப் போர் இது.

படை புறப்படுவதற்கு முன்பே மதுரை விழுந்துவிட்டது. பராக்கிரம பாண்டியனும் அவன் மனைவி மக்களும் கொல்லப்பட்டார்கள் என்ற செய்தி இலங்கைக்கு எட்டியது. காப்பாற்ற வேண்டியவன் இறந்த பிறகு படையைத் திருப்பிவிடுவதே இயல்பான முடிவாக இருந்திருக்கும். பராக்கிரமபாகுவோ, நாட்டைப் பிடித்து இறந்தவனின் வழித்தோன்றல் ஒருவனிடம் ஒப்படைக்கும்வரை போரை நடத்தும்படி ஆணையிட்டான். ஆகவே இலங்காபுரி கப்பல் ஏறியபோதே அவன் கையில் இருந்தது, இல்லாத அரசனுக்காக நாடு பிடிக்கும் வேலை. அவன்மீது சுமத்தப்படும் பழிகளில் ஒரு பங்கு அவனை அனுப்பியவனுடையது என்பதை இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் போருக்கு நமக்குக் கிடைக்கும் சாட்சிகள் இரண்டு தரப்பினர். ஒன்று, இலங்கையின் பாலி வரலாற்று நூலான மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம். அது இலங்காபுரியின் படையெடுப்பை ஊர் ஊராக, வெற்றி வெற்றியாக விரித்துச் சொல்கிறது. மற்றொன்று, இரண்டாம் இராசாதிராச சோழனின் காலத்தைச் சேர்ந்த மூன்று கல்வெட்டுகள்: காஞ்சிபுரத்தை அடுத்த ஆர்ப்பாக்கத்தில் அவனுடைய 5-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, மயிலாடுதுறைப் பக்கத்துப் பல்லவராயன்பேட்டையில் 8-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, திருவாலங்காட்டில் 12-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இலங்கை நூல் வெற்றியோடு கதையை முடித்துக்கொள்கிறது. சோழர் கல்வெட்டுகள் இலங்கைப் படையின் தோல்வியிலிருந்து தொடங்குகின்றன. இரண்டையும் தனித்தனியாகப் படிப்பவர் இரண்டு வெவ்வேறு போர்களைப் படிப்பதாகவே நினைப்பார். முன்னது நிறுத்திய இடத்திலிருந்து பின்னது தொடர்கிறது என்று வைத்துப் படித்தால்தான் தளபதியின் முடிவுகள் ஒழுங்காக விளங்குகின்றன.

முதல் முடிவைப் பற்றிப் பெரிய சர்ச்சை இல்லை. இராமேசுவரத்தைக் கைப்பற்றிய இலங்காபுரி உடனே மதுரை நோக்கிப் பாயவில்லை. தீவின் மேற்குப் பக்கம் உள்ள குந்துகாலில் கோட்டை எழுப்பி, அதற்குத் தன் அரசன் பெயரால் பராக்கிரமபுரம் என்று பெயரிட்டு, அங்கே காலூன்றினான். பாக் நீரிணை எந்த நேரத்திலும் படகை விழுங்கும் கடல். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை ஓர் இரவில் துடைத்தெறிந்த புயலைக் கேள்விப்பட்ட எவரும், ஐப்பசி கார்த்திகையில் அந்தக் கடலை நம்பி ஒரு படைக்குச் சோறு அனுப்ப முடியாது என்பதை ஒப்புக்கொள்வார்கள். பின்வாங்குவதற்கு ஒரு கோட்டையும், ஆளும் பொருளும் வந்திறங்க ஒரு துறையும் வேண்டும் என்று அவன் எண்ணியது சரியான எண்ணம். குலசேகரன் முதலில் தன் ஆட்களையும் பிறகு தானே நேரில் பெரும்படையையும் கொண்டு வந்து மோதியும் அந்தக் கோட்டையை அசைக்க முடியவில்லை.

ஆனால் அதே இராமேசுவரத்தில் நடந்த வேறொன்று பின்னால் பெரிய விலை கேட்டது. இலங்கைப் படை கோயில் கதவை அடைத்து, பூசையை நிறுத்தி, கருவூலத்தைக் கவர்ந்தது என்று ஆர்ப்பாக்கம் கல்வெட்டு குற்றஞ்சாட்டுகிறது. அதோடு, பிடிபட்ட தமிழர்கள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, முன்னர் தமிழர் படையெடுப்பில் சிதைந்த பெரிய பௌத்தத் தூபியைச் செப்பனிடும் வேலையில் ஈடுபடுத்தப்பட்டார்கள் என்று சூளவம்சமே பெருமையோடு சொல்கிறது. மதுரையின் வாரிசுச் சிக்கலில் ஒரு தரப்புக்கு உதவ வந்த படை, தொலைவில் காஞ்சிப் பக்கத்தில் இருந்தவர்களின் கண்ணுக்கும் சிவத்துரோகப் படையாகத் தெரியத் தொடங்கியது இப்படித்தான்.

இரண்டாவது முடிவு, கரையை விட்டு உள்நாட்டுக்குள் இறங்கியது. இதைத்தான் பலர் இலங்காபுரியின் பெரும் பிழையாகச் சொல்கிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. அவனுக்கு இட்ட ஆணை மதுரையில் ஓர் அரசனை உட்காரவைப்பது. குந்துகால் கோட்டைக்குள் பத்தாண்டு இருந்தாலும் அது நடக்காது. உள்ளே இறங்கினால்தான் அங்கங்கே ஆண்ட சிறு தலைவர்களான நாடாழ்வார்கள் அவன் பக்கம் வருவார்களா இல்லையா என்பது தெரியும். அந்தக் காலத்தில் இந்த நிலம் ஒரே அரசனின் கைப்பிடிக்குள் இருந்த நிலம் அன்று. ஒவ்வொரு சிறு நாட்டுக்கும் ஒரு நாடாழ்வார், ஒவ்வொருவனுக்கும் ஒரு மண்கோட்டை, சொந்தமாகக் கொஞ்சம் வேலும் வில்லும் என்று அதிகாரம் சிதறிக் கிடந்தது. அரசனை வீழ்த்த வேண்டுமானால் முதலில் இவர்களை ஒவ்வொருவராக மடக்க வேண்டும்.

இந்த நிலத்தின் இயல்பும் அவனுடைய வேகத்துக்கு ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். சிவகங்கை, தேவகோட்டைப் பகுதியில் நடந்து பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு என்று ஒன்றும் இங்கே கிடையாது. வைகையும் பாம்பாறும் மணிமுத்தாறும் மழை பெய்தால் ஓடும், இல்லையென்றால் மணல்தான். ஐப்பசி, கார்த்திகை மழையைக் கண்மாயில் தேக்கி வைத்துத்தான் ஊர் பிழைக்கிறது. கண்மாய் நிறைந்திருக்கும் தை, மாசியில் ஆயிரக்கணக்கான ஆளும் குதிரையும் எந்த ஊர்க்கரையிலும் தங்கலாம். சித்திரைக்கு மேல் கண்மாய் வற்றிப் பொருக்கு வெடித்துவிட்டால், ஊரணியில் மிஞ்சிய தண்ணீர் ஊராருக்கே போதாது. மழைக்காலத்திலோ தாழ்ந்த வயற்காட்டில் குதிரையின் கால் முழங்கால்வரை புதையும். ஒரு கோட்டையின் முன்னால் மாதக்கணக்கில் முற்றுகை போட்டு உட்கார்ந்திருக்க இந்த நிலம் எந்தப் படைக்கும் இடம் தராது. கண்மாய்க்கரையையும் மதகையும் யார் பிடித்திருக்கிறார்களோ அவர்களே முற்றுகையில் வெல்வார்கள். ஆகவே செம்பொன்மாரி போன்ற வலுவான கோட்டைகளை இலங்காபுரி சுற்றி வளைத்துக் காத்திருக்காமல் நேரடியாகத் தாக்கிப் பிடித்தான் என்று சூளவம்சம் கூறுவதை வெறும் தற்புகழ்ச்சியாக ஒதுக்கத் தேவையில்லை.

துணைப்படையோடு ஜகத்விஜயன் என்ற மற்றொரு தளபதியும் வந்து சேர்ந்த பிறகு இருவரும் பிரிந்தும் கூடியும் முன்னேறினார்கள். பணிந்து வந்த தலைவர்களுக்குப் பரிசும் பட்டமும் கொடுத்து அவரவர் நிலத்திலேயே அவர்களை இருத்தினார்கள். அந்தப் போக்கில்தான் உண்மையான ஆபத்து இருந்தது. கொடுத்த வாக்கை நாடாழ்வார்கள் படை கண்ணுக்குத் தெரியும்வரைதான் காத்தார்கள். படை அடுத்த ஊருக்குப் போனதும் மறுபடி குலசேகரன் பக்கம் சாய்ந்தார்கள். சூளவம்சத்தைப் படித்தால் ஒரே கோட்டையும் ஒரே தலைவனும் திரும்பத் திரும்ப வெல்லப்படுவதைக் காணலாம். அந்த நூல் அதை வெற்றியின் மேல் வெற்றியாக எண்ணுகிறது. உண்மையில் அது, பிடித்த இடத்தைத் தக்கவைக்கப் போதிய ஆள் இல்லாத ஒரு படையின் கதை.

மூன்றாவது முடிவுக்கு வருவோம். பராக்கிரம பாண்டியனின் கடைசி மகன் வீரபாண்டியன் கொலைக்குத் தப்பி ஒளிந்திருந்தான். அவனை அழைத்துவந்து மதுரையில் முடிசூட்டினான் இலங்காபுரி. இந்த முடிவுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் வலுவானது: அரசன் இல்லாமல் படை நடத்தினால் அது படையெடுப்பு, அரசன் பெயரால் நடத்தினால் அது மீட்பு. முடி சூட்டப்பட்ட பாண்டியன் ஒருவன் கண்முன் இருந்தால்தான் தயங்கி நிற்கும் தலைவர்கள் பக்கம் மாறுவார்கள். இவ்வளவும் உண்மை. ஆனால் முடிசூட்டியபோது குலசேகரன் உயிரோடு, வெளியே, படை திரட்டும் வலுவோடு இருந்தான். தொண்டைமான் என்ற தலைவனின் மலைக்கோட்டையில் தஞ்சம் புகுந்திருந்தவனை அங்கேயே மடக்கும் முன் மதுரையில் விழா எடுத்ததுதான் இலங்காபுரி செய்த முதல் பெரிய பிழை என்று நான் கருதுகிறேன். அதுவரை எங்கே வேண்டுமானாலும் அடித்துவிட்டு நகரக்கூடிய படையாக இருந்தது, முடிசூட்டு விழாவுக்குப் பிறகு ஒரு நகரத்தையும் ஓர் இளைஞனையும் காக்க வேண்டிய படையாகிவிட்டது. எதிரி எங்கே தாக்குவான் என்பதை எதிரியே தீர்மானிக்கும் நிலை வந்தது.

குலசேகரன் சோழனிடம் போனான். அன்று சோழ நாட்டில் அரசுரிமையே தள்ளாடி நின்று தெளிந்திருந்த நேரம். இரண்டாம் இராசராசன் இறக்கும்போது அவன் பிள்ளைகள் ஒன்றும் இரண்டும் வயதுக் குழந்தைகள். அவர்களைப் பாதுகாத்து, விக்கிரம சோழனின் பேரன் ஒருவனை இராசாதிராசனாக அரியணையில் இருத்தியவர் காரிகைக் குளத்தூரைச் சேர்ந்த திருச்சிற்றம்பலமுடையான் பெருமானம்பிப் பல்லவராயர். தன் வீட்டிலேயே வாரிசுக் குழப்பத்தைத் தீர்த்த கையோடு, அவர் அடுத்த வீட்டின் வாரிசுக் குழப்பத்துக்குள்ளும் படையோடு இறங்கினார்.

சோழப் படை தொண்டி, பாசிப் பக்கமாக வந்து குவிந்ததும், இலங்காபுரி நான்காவது முடிவை எடுத்தான். ஜகத்விஜயனை மதுரையில் விட்டுவிட்டுத் தான் ஒரு பகுதிப் படையோடு கிழக்கே கீழாநிலைப் பக்கம் சென்று மோதினான்; பெரும் வெற்றி கண்டான்; மணமேற்குடி உள்ளிட்ட ஊர்களைக் கொளுத்தினான் என்கிறது சூளவம்சம். விவாதம் சூடாவது இந்த இடத்தில்தான். படையை இரண்டாகப் பிரித்தது மடமை என்பார் ஒரு சாரார். தொண்டியும் பாசிப்பட்டினமும் எதிரியின் கையில் போனால், குந்துகாலுக்கும் மதுரைக்கும் இடையிலுள்ள வழி முழுவதும் பக்கவாட்டில் திறந்து கிடக்கும். கடல்வழி உதவியும் அறுந்துபோகும். ஆகவே மதுரையில் உட்கார்ந்து காத்திருப்பதைவிட எதிரி முழுதாகச் சேர்வதற்கு முன் கரையில் போய் அடித்தது சரி என்பார் மற்றவர். படையியல் நோக்கில் இரண்டாவது வாதமே சரி. தேவகோட்டையிலிருந்து தொண்டி ஏறத்தாழ 40 கிலோமீட்டர். நடந்தே இரண்டு நாளில் இந்தப் பகுதிக்குள் வந்துவிடக்கூடிய எதிரியை விட்டுவைத்துக்கொண்டு மதுரையைக் காக்க முடியாது.

தவறு மோதியதில் இல்லை, கொளுத்தியதில் இருக்கிறது. மணமேற்குடியைத் தொட்டது, வெள்ளாற்றின் முகத்துவாரத்தைத் தொட்டது. சோழனுக்கு உரிய நிலத்தின் விளிம்பு அது. அதுவரை சோழனுக்கு இது ஒரு பாண்டியனுக்கு ஆதரவாக இன்னொரு பாண்டியனோடு செய்யும் சண்டை. கணக்குச் சரிவராவிட்டால் நடுவில் விலகிக்கொள்ளக்கூடிய சண்டை. ஊர்கள் எரிந்த பிறகு விலக வழியில்லை. சோழ மண்டலத்து மக்கள் அஞ்சினார்கள் என்று ஆர்ப்பாக்கம் கல்வெட்டு வெளிப்படையாகச் சொல்கிறது. காஞ்சிப் பக்கத்துச் சிற்றரசனான எதிரிலிசோழச் சம்புவராயன், கௌட தேசத்திலிருந்து (வங்காளம்) வந்த உமாபதிதேவரான ஞானசிவதேவரிடம் ஓடிச்சென்று, இந்தப் படை நீங்க வழி செய்ய வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறான். அவர் 28 நாள் சிவபூசை செய்கிறார். பகைப்படை தோற்று, இலங்காபுரித் தண்டநாயகன் உட்பட அனைவரும் ஓடினர் என்று பல்லவராயரிடமிருந்து ஓலை வருகிறது. நன்றிக்காக ஆர்ப்பாக்கம் ஊரே அவருக்கு அளிக்கப்படுகிறது. அந்தச் சிற்றரசனை 28 நாள் பூசைக்கு ஏற்பாடு செய்யும் அளவுக்குக் கலங்கவைத்த படை, தொண்டிக் கரையில் தோற்றுவிடும் நிலையில் இருந்த படையாக இருக்க முடியாது. சூளவம்சம் சொல்லும் வெற்றிகளுக்குச் சோழர் தரப்பிலிருந்தே கிடைக்கும் வாக்குமூலம் என்று இதைக் கொள்ளலாம்.

அந்த ஓலை 'ஓடினர்' என்கிறது. மூன்றாண்டு கழித்துப் பொறித்த பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு, இலங்காபுரி உள்ளிட்ட தளபதிகளின் தலைகள் மதுரை வாசலில் வைத்துத் தைக்கப்பட்டன என்கிறது. பாண்டி நாடு ஈழநாடாகிவிடாமல் காத்தவர் என்று பல்லவராயரைப் புகழ்கிறது. இந்த முரணைக் காட்டிச் சோழர் கூற்றே புனைவு என்பவர்கள் உண்டு. ஆனால் திருவாலங்காட்டுக் கல்வெட்டில் ஒரு வரி இந்த ஐயத்தைப் போக்குகிறது. பிற்பாடு குலசேகரன் செய்த துரோகங்களைப் பட்டியலிடும்போது, மதுரை வாசலில் தைத்திருந்த அந்தத் தலைகளை அவன் எடுத்துவிட்டான் என்பதையும் ஒரு குற்றமாக அது சேர்த்துச் சொல்கிறது. ஊரறிந்த ஒன்றைத்தான் குற்றச்சாட்டில் சேர்க்க முடியும். முதலில் தோற்று ஓடிய படை மீண்டும் திரண்டு, பின்னர் மதுரைப் பக்கத்தில் அழிந்திருக்க வேண்டும் என்று கொண்டால் இரண்டு கல்வெட்டுக்கும் இடையே முரணே இல்லை.

இலங்காபுரியைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் பல்லவராயரை வெற்றி வீரராக விட்டுவிடுவது நியாயம் ஆகாது. அவரும் சூதாடினார். குலசேகரன் மீது அவர் வைத்த நம்பிக்கை, இலங்காபுரி நாடாழ்வார்கள் மீது வைத்த நம்பிக்கையைவிட மோசமாகப் பொய்த்தது. பராக்கிரமபாகு ஈழத்தின் ஊராத்துறை, மாதோட்டம் முதலிய துறைகளில் மறுபடி கப்பலும் படையும் சேர்த்தபோது, சோழர்கள் அவனுடைய மருமகனும் போட்டியாளனுமான சீவல்லவனைக் கொண்டு அந்தத் துறைகளைத் தாக்கி அழித்தார்கள். படையால் முடியாததை அதன்பின் பராக்கிரமபாகு உடன்படிக்கையால் முடிக்கப் பார்த்தான். குலசேகரனையே பாண்டிய அரசனாக ஏற்று அவனோடு உறவு கொண்டான். சோழனின் தயவால் அரியணை பெற்ற குலசேகரன் ஈழத்தோடு சேர்ந்து, சோழனுக்கு வேண்டிய இராசராசக் கற்குடியராயன், அஞ்சுகோட்டை நாடாழ்வான் ஆகியோரை வெள்ளாற்றுக்கு வடகரைக்குத் துரத்தினான். அந்த உறவைக் காட்டும் ஓலைகளும் பரிசுகளும் சோழர் கையில் சிக்கின. பல்லவராயர் அதற்குள் நோயுற்று இறந்துவிட்டார். பழையனூர் வேதவனமுடையான் அம்மையப்பனான அண்ணன் பல்லவராயன் படையோடு வந்து குலசேகரனை நீக்கினான். அவன் மதுரையில் உட்காரவைத்தது யாரை? இலங்காபுரி முடிசூட்டிய அதே வீரபாண்டியனைத்தான்.

இந்த ஒரு உண்மையே வழக்கின் போக்கை மாற்ற வேண்டும். இலங்காபுரி தேர்ந்த வாரிசு தவறான வாரிசு அல்லன்; சோழனே கடைசியில் அவனை ஏற்க வேண்டியிருந்தது. இறங்கிய இடம், உள்ளே நுழைந்த துணிவு, தொண்டியில் முந்திக்கொண்டு அடித்தது எல்லாமே படைத்தலைவன் என்ற முறையில் தாங்கக்கூடிய ஆபத்துகள். குலசேகரனை விட்டுவைத்து முடிசூட்டியதும், கோயிலிலும் எல்லையூர்களிலும் காட்டிய வன்மையும்தான் தாங்க முடியாதவை. முன்னவை துணிவு என்று பேசப்படுகின்றன, பின்னவை வெற்றியாளனின் இயல்பு என்று தள்ளப்படுகின்றன. என் கணிப்பில் அவனைக் கொன்றது பின்னவையே.

போரும் அத்தோடு ஓயவில்லை. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் வீரபாண்டியனே சோழனுக்குப் பகையாகி நாடிழந்தான். 1216-இல் பட்டம் ஏறிய முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் (உறையூர்) எரித்துச் சோழனை அடிபணிய வைத்தான்.

விவாதம் இதற்குமேல் நகர வேண்டுமானால் நிலத்திலிருந்து புதிய சாட்சி வர வேண்டும். இலங்காபுரி தான் வென்ற நாட்டில் பராக்கிரமபாகுவின் பெயர் பொறித்த காசைப் புழக்கத்தில் விட்டான் என்கிறது சூளவம்சம். வணிகர் கொண்டுவந்த ஈழக்காசு கடற்கரையில் கிடைப்பதில் வியப்பில்லை. உள்நாட்டில், பழைய மண்கோட்டை மேடுகளில், மண்ணடுக்கோடு அவை கிடைத்தால் அவனுடைய பிடி எதுவரை, எவ்வளவு காலம் இருந்தது என்பதைச் சொல்ல முடியும். கண்மாய் தூர் வாரும்போதும் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதும் கிடைக்கும் செப்புக்காசுகள் எடைக்குப் போய்விடுகின்றன. அவை எந்த மேட்டில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தன என்ற குறிப்போடு வட்டாட்சியர் அலுவலகத்திலோ தொல்லியல் துறையிலோ ஒப்படைக்கப்பட்டால், செம்பொன்மாரியில் இலங்காபுரி தங்கினானா, கடந்து மட்டும் போனானா என்பதையாவது தீர்த்துக்கொள்ளலாம்.